சின்னச் சட்டிச் சோறு

வெர்னா தெரியோவின் அடுப்பில் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு சட்டிகளில் சோறு வெந்தது. பெரியது அவளுக்கும், இறால் படகு ஓட்ட வரும் அவள் தம்பி நோலனுக்கும். சின்னது அவள் புருஷன் ஓவீடுக்கு மட்டும். முன்பு அதில் பால் காய்ச்சுவார்கள்.

மருத்துவமனை நர்ஸ் அளவு சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அந்தச் சட்டியை அவள் வேறு எதற்கும் எடுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு கோப்பை அளக்கும் தகரக் குவளையை டப்பாவுக்குள் விட்டு அரிசியை அள்ளுவாள். கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிடுவாள், ஒரு அரிசி கூட மேலே கூம்பி நிற்காதபடி. இன்னொரு முறையும் அப்படியே. ஒரு வேளைக்கு இரண்டு பங்கு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கழுவி, தண்ணீர் ஊற்றி, அரிசிமேல் ஆள்காட்டி விரலை நிறுத்துவாள். தண்ணீர் முதல் கணுவைத் தொட வேண்டும். அந்த ஊரில் சோறு வைக்கக் கற்றுக்கொள்ளும் எல்லாப் பெண்களும் அந்தக் கணுவில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அன்று மதியம் நோலன் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தான். ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வந்தும் அவன் மேல் இரைமீன் வாடை அடித்தது. இறால் கூடுகளில் வெட்டிப் போடும் அந்த எண்ணெய் மீனின் நாற்றம் எந்தச் சோப்புக்கும் போகாது.

"மச்சானுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. இனிமே தனித் தொட்டி ஒண்ணுதான் பாக்கி," என்றான்.

"வாய மூடிக்கிட்டுத் தின்னு," என்றாள் வெர்னா.

ஓவீட் சிரித்தான். கட்டுப் போட்ட வலது காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தான். "இருக்கட்டும்டா. அவங்க சொன்னப்ப நானும் பயந்துதான் போனேன், கோழிக்கு விசிறற மாதிரி நாலு பருக்கை விசிறுவாங்களோன்னு. இது பரவால்ல. மனுஷன் திங்கிற அளவுதான்."

"முன்ன நீ தின்னதுல இது பாதி கூட இல்ல."

"முன்ன எனக்கு முப்பது வயசு, வெர்னா."

சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள். பன்றித் தோள்கறியை இரும்புச் சட்டியில் கறுக்கக் கறுக்க வறுத்து, அடியில் பிடித்ததைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்த குழம்பு. அந்த ஊரில் அதற்குக் கொஞ்சம் மாவு வறுத்துக் கரைப்பார்கள். வெர்னா மாவை நிறுத்திவிட்டாள். ரொட்டியை நிறுத்தினாள், உருளைக்கிழங்கை நிறுத்தினாள், ஞாயிற்றுக்கிழமைக் கேக்கை நிறுத்தினாள். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் ஜாடியைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்து வைத்தாள். சோற்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. நெல் விளைவிக்கிற வீட்டில் சோறு இல்லாமல் ஒரு மனிதனை எப்படி உட்கார வைப்பது? நர்ஸும் நிறுத்தச் சொல்லவில்லை. அளந்து போடத்தான் சொன்னாள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வெர்னா அவன் விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தைச் சின்ன இயந்திரத்தில் தொட்டாள். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஓவீட் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே தண்ணீர் நிற்கும் வயலைப் பார்த்தான்.

லூசியானாவின் தென்மேற்கில் நிலம் தட்டையானது. அடியில் களிமண் பாய் விரித்த மாதிரி கிடப்பதால் கட்டிய தண்ணீர் கீழே இறங்காது. கோடையில் நெல். அறுத்த பிறகு தாளை அப்படியே விட்டுத் தண்ணீர் கட்டினால், வளைக்குள் படுத்திருந்த சேற்றிறால் குஞ்சுகளோடு மேலே வரும். சிங்கி இறாலுக்குக் குட்டித் தம்பி போல, கொடுக்குகளோடு சிவப்பாக இருக்கும் அது, அழுகிய தாளைத் தின்று வளரும். ஜனவரியிலிருந்து கோடை தொடங்கும் வரை அதே வயலில் இறால் அறுவடை. தகரப் படகின் பின்னால் ஒரு இரும்புச் சக்கரம் சேற்றை உதைத்துத் தள்ளும். ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் வேலை: ஒரு கம்பிக்கூட்டைத் தூக்க, கொட்ட, இரை போட, அடுத்ததைத் தூக்குவதற்குள் இதை இறக்க. படகு நிற்காது. அதனால் திருப்புவது காலால். பாதத்தின் கீழே இரண்டு மிதிகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

ஓவீடின் பாதங்கள் சில வருஷங்களாகவே எதையும் சொல்வதில்லை. மிதியை மிதித்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஜனவரியில் ஒருநாள் உடைந்த கூட்டுக்கம்பித் துண்டு ஒன்று பூட்ஸுக்குள் விழுந்திருக்கிறது. நாள் முழுக்க அதன்மேல் நின்று படகு ஓட்டினான். சாயங்காலம் வெர்னாதான் பூட்ஸை இழுத்தாள்.

"காலுறை ஈரமா இருக்கு, தண்ணி பூந்துடுச்சு போல," என்றான் அவன்.

ஈரம் சிவப்பாக இருந்தது.

அந்தப் புண் ஆறவில்லை. பெருவிரலுக்குப் பக்கத்து விரல் முதலில் கறுத்தது. பிப்ரவரியில் புண் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஈஸ்டருக்குள்ள சர்க்கரை இருநூறுக்குக் கீழ வந்து நிக்கணும். வந்தா ஆறும். வரலன்னா விரல் போகும். விரலோட நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

சோறு நாக்கில் இனிக்காது. அதனால்தான் அது ஆளை ஏமாற்றுகிறது. விழுங்கிய பிறகு குடல் அதை அறுத்து அறுத்துச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடும். ரத்தம் ஒரு வாய்க்கால். அதிலிருந்து சர்க்கரை தசைகளுக்குப் பாய மடை திறக்க வேண்டும். அந்த மடையைத் திறக்கிற ஆள்தான் இன்சுலின். ஓவீடின் உடம்பில் மடைப்பலகைகள் எல்லாம் உப்பி இறுகிவிட்டன. வாய்க்கால் கரை தட்டி ஓடும், வயல் காயும். அதனால் சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் ஊசி போட்டுக் கூடுதல் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். சோறு எவ்வளவோ அதற்கேற்ற ஊசி. சோறு மிஞ்சினால் ரத்தம் பாகாகும். பாகில் கிருமி கொழுக்கும், கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளை அணுக்கள் சோம்பி நிற்கும், புண் திறந்தபடி கிடக்கும். ஊசி மிஞ்சினாலோ வாய்க்கால் ஒரேயடியாக வற்றிவிடும். மூளைக்குக் கூடச் சொட்டு இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவான்.

இதையெல்லாம் வெர்னாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள் நர்ஸ் கார்லா. ஒஹாயோவிலிருந்து வந்தவள். அங்கே சோறு என்றால் சீன உணவுக்கடையில் வாங்குவது. நல்லவள், சலிக்காதவள். மார்ச் தொடக்கத்தில் இருவரையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அந்த ஊர் மரியாதைப்படி 'மிஸ்' போட்டு மறுபடியும் கேட்டாள்.

"மிஸ் வெர்னா, சோறு எவ்வளவு போடறீங்க?"

"நீங்க சொன்னதுதான். மூணுல ஒரு கோப்பை, ரெண்டு. கத்தியால வழிச்சுடுவேன்."

"மதியமும் சாயங்காலமும்?"

"மதியமும் சாயங்காலமும். காலையில முட்டை மட்டும்."

"ரொட்டி?"

"வீட்டுலயே இல்ல. எங்க நாய் கூட இளைச்சுப் போச்சு."

கார்லா பேனாவைக் கீழே வைத்தாள். ஓவீடைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "வெளிய எங்கயாச்சும் எதாச்சும் சாப்பிடறீங்களா, மிஸ்டர் ஓவீட்? நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் ஊசியச் சரி பண்ண முடியும்."

"இல்லம்மா."

"குளிர்பானம்? மிட்டாய்?"

"இல்லன்னேனே."

"அவ்வளவு சோத்துக்கு முந்நூறு வராது," என்றாள் கார்லா, யாரையும் பார்க்காமல்.

ஊசியின் அளவை ஏற்றி அனுப்பினாள். திரும்பும் வழியில் வண்டியில் 'வராது' என்ற அந்த ஒரு சொல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு வெர்னா கண்காணிக்கத் தொடங்கினாள். அவன் கொட்டகைக்குப் போனால் சற்று நேரம் கழித்து ஏதோ தேடுகிற மாதிரி இவளும் போவாள். கழற்றிப் போட்ட சட்டைப்பையைத் தடவுவாள். கன்னத்தில் முத்தமிடுகிற சாக்கில் வாயை மோந்து பார்ப்பாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் இவ்வளவு முத்தமிட்டதில்லை என்று ஓவீட் நோலனிடம் சொன்னான்.

"அதிர்ஷ்டக்காரன் நீ, மச்சான்."

"அவ போலீஸ்காரிடா. மோப்பம் பிடிக்கறா."

சிரித்தார்கள். ஆனால் எண் இறங்கவில்லை. இருநூற்றெண்பது, முந்நூற்று நான்கு, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த விரலும் கறுத்து, அதன் நகம் கட்டோடு வந்துவிட்டது. அறையில் ஒரு வாடை தங்க ஆரம்பித்தது. வெர்னா சன்னலைத் திறந்து வைத்தாள், குளிரோடு.

மார்ச் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் நோலன் படகிலிருந்து திரும்பியபோது, மழையில் வாசலில் நின்ற ஓவீடின் வண்டிக்குள் அக்காள் பாதி உடம்பை நுழைத்திருந்ததைப் பார்த்தான். இருக்கையைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தாள். சேற்றில் ஒரு கையுறை, கம்பிக்கட்டு, செத்த டார்ச், பழைய செய்தித்தாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"எங்கயோ வெச்சிருக்கான்."

"எத?"

"எதையோ. எங்கயோ. வானத்துலேருந்தா வருது முந்நூறு?" முடி முகத்தில் ஒட்டியிருந்தது. "உனக்குத் தெரியும். நீயும் சேந்துதான் மறைக்கிற."

"ஆண்டவர் மேல ஆணையா எனக்குத் தெரியாது."

இருக்கை கையோடு வந்தது. அடியில் தூசியும் இரண்டு நெல்மணியும் தவிர ஒன்றுமில்லை. ஒரு காகிதம், ஒரு பொட்டலம் கிடைத்திருந்தால் அவள் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், முடிந்திருக்கும். ஒன்றுமே இல்லாததுதான் அவளைப் பைத்தியமாக்கியது. இருக்கையின் பஞ்சைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

ஓவீட் கக்கத்தில் ஊன்றுகோலோடு தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்னா. ரோலண்ட் கடையில," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"பூடான். இரைமீன் வாங்கப் போறப்பல்லாம் ஒரு முழம்." பன்றிக்கறியும் சோறும் அரைத்துக் குடலில் அடைத்துச் சுடச்சுட விற்பார்கள், அந்தப் பக்கத்து ஆண்கள் அதை வண்டியில் உட்கார்ந்தே பிதுக்கித் தின்பார்கள். "கூட ஒரு சோடா. கடை வாசல்லயே முடிச்சுடுவேன். அதான் உனக்கு ஒண்ணும் கிடைக்கல."

"எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸ்லேருந்து."

மழை இரைந்தது. வெர்னா இருக்கையைச் சேற்றில் போட்டாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு ஆறுதல், வெட்கம் கெட்ட ஆறுதல். காரணம் கிடைத்துவிட்டது. அவள் அளந்த அளவு சரி, அவள் கை சரி.

"உன் காலு போகப்போகுது," என்றாள். "உனக்கு ஒரு முழம் பூடான் பெருசாப் போச்சு."

"ஆமா," என்றான் ஓவீட்.

அன்றே ரோலண்ட் கடைக்குப் போன் போட்டாள். "இனிமே அந்த ஆளுக்கு எதையாச்சும் குடுத்தீங்க, நானே வந்து கடைய மூடிடுவேன்."

"அவன் உள்ளயே வர்றதில்லையேம்மா," என்றார் ரோலண்ட். "வண்டியில உக்காந்திருப்பான், உன் தம்பிதான் ஐஸ் எடுக்க வருவான்."

கடைக்காரன் வாடிக்கையைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்து அவள் போனை வைத்தாள். பிறகு கார்லாவுக்குச் சொன்னாள். அந்தப் பக்கமும் ஒரு பெருமூச்சு கேட்டது. "உண்மையச் சொன்னதுக்கு நன்றி, மிஸ் வெர்னா. இப்ப புரியுது." புரிந்துவிட்டதால் அதற்குப் பிறகு யாரும் வேறெங்கும் தேடவில்லை.

வீட்டில் பேச்சு நின்றது. கடைப் பக்கம் அவனை விடவில்லை, நோலனே இரைமீன் பெட்டிகளை ஏற்றி வந்தான். ஆனாலும் எண் அப்படியே நின்றது. எங்கோ இன்னும் திருடித் தின்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். தவறாமல் இருவேளையும் அரிசியை வழித்து அளந்தாள், அவன் முன் தட்டை வைத்தாள், எதிரே உட்காராமல் நின்றபடி தின்றாள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பாதத்தின் மேல்புறம் சிவந்து பளபளத்தது. நோலன் ஓட்ட, நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நோலன் அன்றே திரும்ப வேண்டியிருந்தது. பெரிய வெள்ளிக்கு ஊரே இறால் வேகவைக்கும், வருஷத்தின் பெரிய விற்பனை அதுதான்.

அறுவை மருத்துவர் இளைஞர், தாழ்ந்த குரலில் பேசுபவர். வெர்னாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"ரெண்டு விரல் செத்துப்போச்சு. அத மட்டும் எடுக்கலாம். ஆனா சர்க்கரை இப்படியே இருந்தா எடுத்த இடம் ஆறாது. மறுபடி அறுக்கணும், மறுபடி. சொன்னபடி சாப்பிடாதவங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னா, ஒரே தடவையில முட்டிக்குக் கீழ எடுத்துட்டா அங்க ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், ஆறிடும். நாளைக்கு மறுநாள் காலையில. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க."

"முட்டிக்குக் கீழ," என்று அவள் திருப்பிச் சொன்னாள், விலாசம் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறவளைப் போல.

ஓவீடிடம் அவள் சொல்லவில்லை, மருத்துவரே சொல்லியிருந்தார். அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். "பூடான்," என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம். வார்டு நர்ஸ் வீட்டில் போடுகிற ஊசியளவைக் கேட்டாள், வெர்னா சொன்னாள், அவள் அதையே போட்டாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. நோலனுக்கு வயல் பம்பைப் பற்றிப் போன் செய்ய வெர்னா கீழே போயிருந்தாள். அவள் வரும்போது தட்டு துடைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு வேர்த்தது. போர்வையைத் தள்ளினான். கை நடுங்கியது. அவளைப் பார்த்து ஏதோ சொன்னான், பிரெஞ்சில். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பேசி அடி வாங்கிய பிறகு அவன் விட்டுவிட்ட மொழி அது.

"ஓவீட். இங்க பாரு. என்ன சொல்ற?"

பன்றிகளை யாரோ திறந்து விட்டுவிட்டார்கள், அப்பா அடிப்பார் என்றான். கண் அவள் மேல் நிற்கவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து விரலைக் குத்தினாள். நாற்பத்தாறு. ஆரஞ்சுச் சாற்றை வாயில் ஊட்டினார்கள், பாதி மோவாயில் வழிந்தது. இன்னொரு டப்பா. சிறிது நேரத்தில் அவன் கண் திரும்பி வந்தது. வெட்கத்தோடு, "என்ன ஆச்சு?" என்று தனக்குள் கேட்பது போலக் கேட்டு, களைத்துக் கண்ணை மூடினான்.

"ஊசி ரொம்ப அதிகமாயிடுச்சு," என்றாள் நர்ஸ். "சாப்பாடு முழுசாச் சாப்பிட்டாரா?"

"தட்ட நக்கியிருக்கார்."

"அப்ப ஏன்னு தெரியல. வீட்டுல திங்கற அதே அளவுதானே இங்கயும் குடுத்தோம். ரெண்டு பங்குச் சோறு."

பக்கத்துக் கட்டில் காலி. அதிலிருந்த கிழவரை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தார்கள். அவருக்கும் சர்க்கரை நோய்க்கான சாப்பாடுதான். தட்டு மூடி போட்டபடி இருந்தது. வெர்னா போய் மூடியைத் தூக்கினாள். ஒரு துண்டுக் கோழி, பீன்ஸ், ஓரத்தில் ஐஸ்கிரீம் கரண்டியால் எடுத்து வைத்த மாதிரி இரண்டு சின்ன உருண்டை.

"இது எத்தன?"

"அதான் ரெண்டு பங்கு. மூணுல ஒரு கோப்பை, ரெண்டு."

"இது வெந்த சோறு."

"ஆமா," என்றாள் நர்ஸ், புரியாமல். "வேகாத அரிசியயா அளப்பாங்க?"

"எல்லாரும் அதத்தான் அளப்பாங்க," என்றாள் வெர்னா. குரல் அவளுடையதாக இல்லை. "எங்க பக்கத்துல எல்லாரும்."

அரிசி வேகும்போது தன்னைவிட அதிகமான தண்ணீரைக் குடித்து மூன்று மடங்காகும். அடுப்பு எட்டாத வயதிலேயே முக்காலி போட்டு ஏறி நின்று அதைப் பார்த்தவள் அவள். அந்த ஊரில் 'ஒரு கோப்பை சோறு வை' என்றால் ஒரு கோப்பை அரிசியைக் களைந்து போடு என்று அர்த்தம். வெந்ததை யாரும் அளப்பதில்லை, அது தட்டுக்குத் தெரியும். நர்ஸ் சொன்ன பங்கு இரண்டு உருண்டை. அவள் போட்டது ஆறு. வேளைக்கு ஆறு, கத்தியால் வழித்து, சிலுவை போட்டுக்கொண்டு. அந்த ஆறையும் விரட்டப் பார்த்துத்தான் ஊசியை ஏற்றிக்கொண்டே போனார்கள். இன்று உருண்டை இரண்டாகவும் ஊசி பழையபடியும் இருந்ததால் வாய்க்கால் வற்றியது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் திறக்கும் வரை காத்திருந்தாள்.

"ஓவீட். ரோலண்ட் கடையில பூடான் தின்னியா?"

"சொன்னேனே."

"தின்னியான்னு கேக்கறேன்."

"இல்ல."

"ஒரு தடவ கூட?"

"இல்ல, வெர்னா."

"பின்ன ஏன்யா சொன்ன?"

"நீ மழையில நின்னு பஞ்சப் பிச்சுக்கிட்டிருந்த." போர்வையின் ஓரத்தை நீவினான். "எதயாச்சும் கையில குடுத்தாத்தான் உள்ள வருவன்னு தோணுச்சு. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து போய்த் தின்றேனோன்னு. ஒருநாள் எழுந்ததும் அடுப்பங்கரைத் தரையில என் கால்தடம் இருக்கான்னு பாத்தேன்."

அவள் சொன்னாள். அரிசி, சோறு, இரண்டு, ஆறு. சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போர்வைக்கு அடியில் மேடாகத் தெரிந்த பாதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஓவீட் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். அது சிரிப்பாக முடியவில்லை. "நெல்லுக்காரன் வீடு," என்றான். பிறகு, "நோலன்கிட்ட சொல்லிடாத. சாகற வரைக்கும் விட மாட்டான்."

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"என்னன்னு?"

"நீ திருடித் தின்னலன்னு. சொன்னபடி கேக்காத ஆளுன்னு நெனச்சுத்தான் அவரு முட்டிக்குக் கீழன்றாரு."

"அப்ப உன்னத்தான் குத்தம் சொல்லுவாங்க. நானே அதிகமாப் போடச் சொல்லித் தின்னேன்னு சொல்லிக்கறேன்."

"இன்னொரு பொய் சொன்னின்னா நானே அறுத்துடுவேன்."

மருத்துவர் வந்தபோது அவள் எழுந்து நின்று சொன்னாள், நீதிமன்றத்தில் நிற்பவளைப் போலக் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார், கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இத யாரும் உங்களுக்கு வெந்த சோத்துல அளந்து காட்டலையா?"

"சொன்னாங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அரிசி எனக்குத் தெரியாதான்னு."

"நாளைக்கு ரெண்டு விரல மட்டும் எடுக்கறேன்," என்றார் அவர் கடைசியில். "அது போனதுதான். மீதிக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது, மிஸ் வெர்னா. கிருமி எலும்புக்குப் போயிருந்தா திரும்ப வரணும். ஆனா சோறும் ஊசியும் பொருந்தினா இந்தப் பாதத்துக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு வேளையாத்தான் பாக்கணும்."

"ஒவ்வொரு வேளையா," என்றாள் வெர்னா.

சாயங்காலச் சாப்பாடு வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. ஊசியைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார்கள். அவனுக்கு ஒரு துண்டு மீன், கீரை, இரண்டு உருண்டை. கூட இருப்பவளுக்கென்று வார்டு நர்ஸ் இரக்கப்பட்டு இன்னொரு தட்டு வாங்கி வைத்தாள்: குழம்பு ஊற்றிய சோறு, ஆவி பறக்க, மேடாக.

ஓவீட் கீரையை முதலில் தின்றான், மீனைத் தின்றான். சோற்றைக் கடைசிக்கு வைத்திருந்தான். முள்கரண்டியால் நாலு முறை எடுத்தான், முடிந்தது. கரண்டியின் விளிம்பால் தட்டைச் சுரண்டி ஒட்டியிருந்த இரண்டு பருக்கைகளையும் எடுத்தான்.

"பசிக்குது, வெர்னா," என்றான்.

புகாராகச் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்வதைப் போலச் சொன்னான். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் மேசையில் ஒருவரும் சொல்லாத சொல் அது. அவள் கை தானாகவே தன் தட்டின் விளிம்பைப் பிடித்தது. பாதியைத் தள்ளி அவன் தட்டில் சேர்ப்பதற்கு அந்தக் கைக்கு யோசனையே தேவையில்லை.

கையை நிறுத்தினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி குடி," என்றாள்.

"குடிச்சேன்."

"நாளைக்கும் இவ்வளவுதான் குடுப்பேன். மறுநாளும்."

"தெரியுது."

அவன் பார்வை அவள் தட்டுக்கு வந்தது, விலகியது, மறுபடி வந்தது. அவன் கேட்டுவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டை மடிக்கு இழுத்தாள். நாற்காலியில் முதுகை அவன் பக்கம் பாதி திருப்பினாள். குனிந்து, மெல்லக் கூட நேரம் கொடுக்காமல், வாய் சுடச்சுட, அவ்வளவு சோற்றையும் அவசர அவசரமாக அள்ளித் தின்றாள், ஒரு பருக்கை மிச்சமில்லாமல்.